ஜப்பானில் ஒரு குடும்பத்தோடு தங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மாணவர் பரிமாற்றத்தில் கனசவா நகரத்துக்குப் போய், ஒரு குடும்பத்தோடு பத்து மாதம் தங்கிப் படித்தேன். அப்பா, அம்மா, பாட்டி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். இந்த வருடம் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்த வீட்டில் கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, வீட்டில் எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீரில்தான் குளிப்பார்களாமே? நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

தொட்டி அழுக்குப் போக்குவதற்கு இல்லை, தம்பி. சோப்பு போட்டுத் தேய்த்துக் குளிப்பதெல்லாம் தொட்டிக்கு வெளியே, சின்ன முக்காலியில் உட்கார்ந்து. நுரை துளிகூட இல்லாமல் கழுவிவிட்டு, 40 டிகிரிக்கு மேல் இருக்கும் சுடுநீரில் உடம்பு இளகும்வரை உட்கார்வதுதான் ஒஃபுரோ. நீளமான முடி என்றால் தண்ணீரில் படாமல் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் தொட்டித் தண்ணீரை வெளியேற்றிவிடக் கூடாது. மூடியைப் போட்டுவிட்டு வர வேண்டும். முதல் இரவே நான் வெளியேற்றிவிட்டேன். விருந்தாளி என்று என்னை முதலில் குளிக்கச் சொல்லியிருந்தார்கள்; எனக்குப் பின்னால் நான்கு பேர். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா மறுபடியும் நிரப்பினார். மறுநாள் அந்தப் பெண் அழகாகப் படம் வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டியிருந்தாள். மிச்சத் தண்ணீரைத் துணி துவைக்க வாஷிங் மெஷினுக்கு எடுப்பார்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

நான் சுத்த சைவம். வெறும் சோறும் சூப்பும் போதும் என்று சொல்லிவிடலாமா?

சூப்பில்தான் சிக்கல். மிசோ சூப்புக்கு அடிப்படையான தாஷி என்கிற சாறு பெரும்பாலும் காட்சுவோபுஷியில் செய்வது. நம் தூத்துக்குடிப் பக்கத்து மாசிக் கருவாடு மாதிரி, அதைச் சீவிப் போடுவார்கள். ‘இறைச்சி சாப்பிட மாட்டேன்’ என்றால் அதில் மீன் அடங்காது. ‘மீன் வேண்டாம், மீன் தாஷியும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதி, கிளம்பும் முன்பே அனுப்பிவிடுங்கள். கொம்பு என்கிற கடற்பாசியிலும் ஷீட்டாக்கே காளானிலும் அருமையான தாஷி வரும். மேசையில் தட்டு வைத்த பிறகு சொன்னால், சமைத்தவருக்கு மனசு கஷ்டமாகிவிடும்.

சாப்பிடும்போது இடது கையைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தத்தான் வேண்டும். சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் ஏந்திச் சாப்பிடுவதுதான் அங்கே மரியாதை. குச்சிகளைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள். அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள்.

செருப்பு விஷயம்?

வாசலில் கழற்றிவிட்டு வீட்டுச் செருப்புக்கு மாறுங்கள். கழிவறைக்குத் தனிச் செருப்பு, அது அங்கேயே இருக்கட்டும். தத்தாமிப் பாயில் எந்தச் செருப்பும் கூடாது.

நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிடலாமா என்று கேட்டேன். ‘சொட்டோ…’ என்று இழுத்து நிறுத்திவிட்டார்கள். அப்படியென்றால்?

‘கொஞ்சம்…’ என்று பொருள். அங்கேயே நின்றுவிட்டால், முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பக் கேட்க வேண்டாம்.

என் மகளுக்குப் பதினேழு வயது. கட்டிப்பிடித்துப் பாசம் காட்டாத ஊரில் தனியாக உணர்வாளோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் புரிகிறது, அம்மா. என்னையும் அங்கே யாரும் கட்டிப்பிடித்ததில்லை. ஆனால் காலையில் கிளம்பும்போது ‘இத்தெகிமாஸ்’ என்பார்கள். அப்படியே நம்முடைய ‘போயிட்டு வரேன்’. வீட்டில் இருப்பவர் ‘இத்தெராஷ்ஷாய்’, போயிட்டு வா, என்பார். திரும்பி வந்ததும் ‘ததைமா’, வந்துட்டேன், என்றால், உள்ளேயிருந்து ‘ஒகாயெரி’, வா வா, என்று குரல் வரும். பனி கொட்டுகிற நாளிலும் பாட்டி போர்த்திக்கொண்டு வாசல்வரை வந்து சொல்லுவார். மகள் கிளம்புவதற்குள் இந்த நான்கு வார்த்தைகளையும் அவளோடு வீட்டிலேயே சொல்லிப் பழகுங்கள்.