சிறைக்குள் இருப்பவர் தன் சான்றைக் கேட்க முடியுமா? கேள்வி பதில்

தண்டனைக்குப் பிறகு கைதி தன் வழக்கின் சான்றுகளை (ரத்தக்கறை படிந்த பொருள், காவல்துறை ஆவணம் போன்றவற்றை) கேட்டுப் பெறுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இதில் அதிகம் போராடிய வழக்குகள் அமெரிக்காவில் நடந்தவை என்பதால், பதில்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

சட்ட மாணவர்: மேடம், பழைய ரத்தக்கறையை டிஎன்ஏ சோதனை செய்யுங்கள் என்று கைதி கேட்டால் அரசு கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

கொடுக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் ஆஸ்போர்ன் வழக்கில் வேறு மாதிரி சொன்னது. அலாஸ்கா கைதி ஒருவர், சோதனைச் செலவை நானே ஏற்கிறேன், பொருளை மட்டும் கொடுங்கள் என்றார். அரசியலமைப்பில் அப்படி ஓர் உரிமை இல்லை, அதைச் சட்டமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுத்துவிட்டார்கள். பரோல் கேட்டபோது அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. அப்படியென்றால் சோதித்துவிட்டால் தீர்ந்ததே! குற்றவாளி என்றால் அதுவும் உறுதியாகிவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

இப்போது 50 மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் உண்டு. கடைசியாக வந்தது ஓக்லஹோமா, 2013இல். சட்டம் இருந்தாலும் காலக்கெடு, நிபந்தனை என்று தடுப்பதற்கு நிறைய வழி இருக்கிறது.

வாசகி: சாதகமான சான்றை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று ஏற்கெனவே தீர்ப்பு இருக்கிறதே?

இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் பிரேடி தீர்ப்பு. சிக்கல் என்னவென்றால், எது சாதகமானது என்று முதலில் முடிவு செய்வதே அரசுத் தரப்புதான். அவர்கள் கொடுக்காத காகிதம் இருக்கிறது என்பதே கைதிக்குத் தெரியாது.

டெக்சாஸில் மைக்கேல் மோர்ட்டனுக்கு நடந்ததைப் பாருங்கள். 1986இல் அவர் மனைவி வீட்டிலேயே கொல்லப்பட்டார். மறுவருடம் மோர்ட்டனுக்கு ஆயுள் தண்டனை. அவர்களுடைய மூன்று வயது மகன், அடித்தது அப்பா இல்லை, அப்பா அப்போது வீட்டிலேயே இல்லை என்று பாட்டியிடம் சொல்லியிருந்தான். அந்தப் பேச்சு எழுத்தில் பதிவாகிக் காவல்துறைக் கோப்பில் இருந்தது. அவருடைய வழக்கறிஞர் கைக்கு அது போகவே இல்லை. வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ரத்தக்கறையோடு ஒரு கைக்குட்டையும் கிடைத்திருந்தது. அதைச் சோதிக்கச் சொல்லி மோர்ட்டன் தரப்பு கேட்க, அரசுத் தரப்பு வருடக்கணக்கில் எதிர்த்தது. கடைசியில் சோதித்தபோது மனைவியின் ரத்தமும் வேறொரு ஆணின் டிஎன்ஏவும் இருந்தன. ஏறக்குறைய 25 வருடம் கழித்து, 2011இல், மோர்ட்டன் வெளியே வந்தார். அந்த இன்னொரு ஆள் இடைப்பட்ட காலத்தில் வேறொரு பெண்ணையும் கொன்றிருந்தார். சோதனையைத் தடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டாமா? மோர்ட்டன் பெயரிலேயே டெக்சாஸ் 2013இல் சட்டம் போட்டு, கோப்பை எதிர்த்தரப்புக்குத் திறந்து காட்டக் கட்டாயப்படுத்தியது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: பொருளே தொலைந்துவிட்டது, கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால்?

என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான், ஐயா. அரிசோனாவில் யங்பிளட் என்பவர் வழக்கில், பாதிக்கப்பட்ட சிறுவனின் உடைகளைக் காவல்துறை குளிரூட்டி வைக்கவில்லை. அதனால் அப்போது முறையாகச் சோதிக்க முடியாமல் போனது. கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நிரூபித்தால் ஒழிய இது உரிமை மீறல் ஆகாது என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு நுட்பம் வளர்ந்து, 2000ஆம் ஆண்டு மிஞ்சியிருந்த சான்றைச் சோதித்தார்கள். அவர் குற்றமற்றவர்! அந்தத் தீர்ப்போ இன்றும் சட்டமாக நிற்கிறது.

கெட்ட எண்ணத்தைக் கைதி எப்படி நிரூபிப்பார்? அலட்சியத்தால் அழிந்தாலும் அழிந்தது அழிந்ததுதான். பாதுகாக்கும் கடமையைச் சட்டம் தெளிவாக எழுதி வைக்காதவரை, சோதனை கேட்கும் உரிமை பெயரளவுக்குத்தான். மேரிலாந்தில் மரண தண்டனை பெற்று 1993இல் விடுதலையான கிர்க் பிளட்ஸ்வொர்த்தைக் காப்பாற்றியதும் பத்திரமாக மிஞ்சியிருந்த உடைதான்.

வாசகர்: குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கும் வாய்ப்பு உண்டா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மறுக்கவே கூடாது என்பது என் கருத்து. செய்யாத குற்றத்தைப் பயத்தாலும் களைப்பாலும் ஒப்புக்கொண்டு, டிஎன்ஏவால் விடுதலையானவர்கள் இருக்கிறார்கள்.

சட்ட மாணவி: டிஎன்ஏவே இல்லாத வழக்கில்?

பெரும்பாலான வழக்குகள் அப்படித்தான். தீ வைப்பு, பல் தடம் போன்றவற்றில் அன்று நிபுணர் சொன்னது இன்று அறிவியல்படி நிற்காமல் போகலாம். அப்போது தீர்ப்பை மறுபடி பார்க்க டெக்சாஸ் 2013இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. மற்ற இடங்களிலும் வர வேண்டும்.

வழக்கறிஞர் ஒருவர்: இந்தியாவில் நிலைமை என்ன?

தண்டனைக்குப் பிறகு டிஎன்ஏ சோதனை கேட்கத் தனிச் சட்டம் கிடையாது. மேல்முறையீட்டில் கூடுதல் சான்று கேட்கலாம். அதற்கு வழி, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 432ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் அது 391ஆவது பிரிவு. அரசுத் தரப்பு, கைவசம் இருந்தும் தன் வழக்குக்குச் சான்றாகக் காட்டாத ஆவணங்களின் பட்டியலையும் கொடுக்க வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பட்டியலை விடாமல் கேளுங்கள்.

ஒரு கைதியின் தம்பி: அக்கா, அண்ணன் உள்ளே இருக்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

தம்பி, சோதனைக்கு மனுப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் இப்போது எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்: காவல் நிலையமா, நீதிமன்றமா, ஆய்வகமா. வழக்கு முடிந்தபின் பொருள்களை அழிக்க நீதிமன்றமே உத்தரவிடுவது வழக்கம். அதனால் எதையும் அழிக்கக் கூடாது என்று உங்கள் வழக்கறிஞர் மூலம் இந்த வாரமே மனுக் கொடுங்கள். ஆய்வகத்திடம் முழுக் குறிப்புகளையும் கேளுங்கள், வெறும் இறுதி அறிக்கை போதாது. ஒப்புகைச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.