ரயில் எஞ்சின் கேள்வி பதில்: நீராவியும் டீசலும்

பள்ளத்தூர்: நீராவி எஞ்சின், டீசல் எஞ்சின் ரெண்டும் எப்படி ஓடுதுண்ணே?

நீராவியில் நெருப்பு சிலிண்டருக்கு வெளியே. ஃபயர்பாக்ஸில் கரி எரிய, பாய்லர் தண்ணீர் ஆவியாகிறது. மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) ஒய்.பி. வகை நீராவி எஞ்சினில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. அந்த ஆவி பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ள, கனெக்டிங் ராடு நேராகச் சக்கரத்தைச் சுற்றும். வேலை முடிந்த ஆவி புகைபோக்கியில் பாயும்போது நெருப்புக்குக் காற்றை இழுத்துக்கொடுக்கிறது. 'குப் குப்' சத்தம் அதுதான். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நாலு. ஏற்றத்தில் ஆவி அதிகம் செலவாகும்போது நெருப்பும் தானாக மூளும். என்ன அருமையான ஏற்பாடு!

டீசலில் நெருப்பு சிலிண்டருக்குள்ளேயே. காற்றை அழுத்திச் சூடேற்றி டீசலைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். ஆனால் நம் பெரிய டீசல் வண்டிகளில் அந்த எஞ்சின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரத்தில் அச்சிலுள்ள மோட்டார்கள் ஓடும். இதை மனதில் வையுங்கள்.

தேவகோட்டை: டீசல் வண்டிக்கு எத்தனை கியர்?

மாற்றும் கியரே கிடையாது. முதல் பதிலைப் படியுங்கள்.

புதுவயல்: ஊட்டி ரயில் இன்னும் கரியிலயா?

எண்ணெய் எரிக்கும் எஞ்சின்களும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எது எரிந்தாலும் இழுப்பது ஆவிதான்.

கானாடுகாத்தான்: நீராவிக்குத்தான் இழுவை ஜாஸ்தின்னு எங்க ஐயா சொல்வாக.

கோட்டையூர்: டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின் 2600 குதிரைசக்தி. அதோட நீராவி போட்டி போடுமா?

குதிரைசக்தியை வைத்து இழுவையை அளக்காதீர்கள். நீராவியில் நின்ற இடத்திலேயே பிஸ்டனுக்கு முழு அழுத்தம் கிடைக்கும். ஐயா சொன்னதில் நியாயம் உண்டு. சுற்றாத டீசல் எஞ்சினோ எதுவும் தராது. அதற்காகத்தான் நடுவில் மோட்டார், டி.சி. சீரிஸ் வகை மோட்டாருக்குப் புறப்படும்போதுதான் முறுக்குவிசை (சுழற்றும் விசை) அதிகம்.

ஆனால் இரண்டுக்கும் எல்லை சக்கரம் வழுக்குவது. ஒய்.பி.யின் ஆறு அச்சில் மூன்றுதான் இழுக்கும், கரியும் தண்ணீரும் ஏற்றிய டெண்டர் வெறும் சுமை. டபிள்யூ.டி.எம்.2இல் ஆறும் இழுக்கும், விசையும் சீராக வரும். கனத்த வண்டியைக் கிளப்ப அதுவே கெட்டி.

கோட்டையூர்: அப்ப டீசலுக்கு மாறுனது இழுவைக்காகவா?

செலவுக்கும்தான். கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையாகாது. டீசலில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. காலையில் வண்டி எடுக்க வேண்டுமென்றால் பல மணி நேரம் முன்பே பாய்லரை மூட்ட வேண்டும், வழியெல்லாம் தண்ணீர் வேண்டும்.

திருமயம்: டீசல் பிஸ்டன் எந்தச் சக்கரத்தோட சேரும்?

எதனோடும் இல்லை. தயவுசெய்து முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

குன்றக்குடி: மின்சார எஞ்சின் பத்தி?

அதில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.