முதல் பாட்டையே தாண்ட முடியவில்லை, எனக்கு ரசனை இல்லையா?

கேள்வி: மெட்டல் இசையை ஓரளவு கேட்பவன் நான். நியூரோசிஸ் குழுவின் 'த்ரூ சில்வர் இன் பிளட்' ஆல்பத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று என் நண்பன் ஒருவன் பிடிவாதம் பிடிக்கிறான். நான் படித்த விமர்சனங்களும் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகின்றன. எனக்கோ முதல் பாட்டையே முழுசாகத் தாண்ட முடியவில்லை. ஒரே ரிஃப் (கிதார் துணுக்கு) திரும்பத் திரும்ப வருகிறது, அதன் மேல் ஒரே அலறல், நிறுத்திய பிறகும் நெஞ்சில் பாறை வைத்த மாதிரி இருக்கிறது. 'உனக்குப் பொறுமை இல்லை' என்கிறான் நண்பன். குறை என்னிடமா, ஆல்பத்திலா? அந்தக் குழுவில் இருந்த ஒருவர் குடும்பத்தைக் கொடுமைப்படுத்தியவர் என்றும் அண்மையில் தெரிந்துகொண்டேன். இதை இனிமேலும் கேட்கத்தான் வேண்டுமா?

பதில்: நெஞ்சில் பாறை வைத்த மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியானால் ஆல்பம் உங்களிடம் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. அந்தக் கனத்தைக் கேட்பவர் மேல் இறக்கி வைக்கத்தான் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். உங்களுக்கு அது புரியாமல் போகவில்லை, பிடிக்காமல் போயிருக்கிறது. உங்கள் நண்பர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்.

எரிச்சல்பட்ட முதல் ஆளும் நீங்கள் இல்லை. இந்த வகை இசையின் கதையே கேட்பவரை எரிச்சலூட்டியதில்தான் தொடங்குகிறது. 1984இல் பிளாக் ஃபிளாக் குழு 'மை வார்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் பறந்து முடியும் ஹார்ட்கோர் பங்க் பாட்டுகளுக்குப் பேர்போன குழு அது. அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் இழுத்து இழுத்து நகரும் மூன்றே பாட்டுகள், ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல். வேகத்துக்காக வந்த ரசிகர்களில் பலர் கடுப்பானார்கள், சிலர் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சிலரில் மெல்வின்ஸ் குழுவினரும் உண்டு. அப்புறம் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஐஹேட்காட், குரோபார் போன்ற குழுக்களோடு ஸ்லட்ஜ் என்று ஒரு இசை வகையாகவே அது வளர்ந்தது. மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத்தின் கனத்த, தாழ்ந்த சுருதி ரிஃபும் பங்கின் ஆத்திரமும் கலந்த கலவை என்று சொன்னால் போதும்.

நியூரோசிஸ் இதற்கு நேர் வாரிசு இல்லை. 1985இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் அதே ஹார்ட்கோர் பங்க் குழுவாக ஆரம்பித்து, 1992இல் வந்த 'சோல்ஸ் அட் ஸீரோ'வில் கீபோர்டு, சாம்பிள் (பதிவு செய்த ஒலித் துணுக்குகள்) என்று விரிந்து, 1996இல் உங்களைப் படுத்துகிற இந்த ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இதில் வேகத்தைக் குறைத்தது மட்டும் அவர்கள் செய்த காரியம் இல்லை. 'ஒரே ரிஃப் திரும்பத் திரும்ப' என்று நீங்கள் குறை சொல்லும் இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் பாட்டில் கிதாரைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள், டிரம்ஸைக் கேளுங்கள். ஜேசன் ரோடர் வாசிக்கும் டாம்-டாம்கள்தான் (டிரம்ஸ் செட்டில் உள்ள ஆழ்ந்த ஒலி தரும் முரசுகள்) அந்தப் பாட்டை நகர்த்துகின்றன, கிதார் அதன் மேல் ஏறி உட்காருகிறது. (மேடையில் இந்தப் பாட்டு வாசிக்கும்போது கிதார்காரர்களும் கிதாரை விட்டுவிட்டு டிரம்ஸ் அடிக்க இறங்குவார்கள், அதிலிருந்தே எது முக்கியம் என்று தெரிந்துகொள்ளலாம்.) ரிஃப் மாறாமல் இருக்க, அதைச் சுற்றி இருப்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வருகிறது. கீபோர்டும் சாம்பிளும் கையாளும் நோவா லாண்டிஸ் இந்த ஆல்பத்தில்தான் முதல் முறை சேர்ந்தார், அவர் விரிக்கும் இரைச்சல் பின்னால் தடித்துக்கொண்டே போகிறது. சாதாரணப் பாட்டு என்றால் அடுத்து பல்லவி வரும் என்று காது தானாகவே காத்திருக்கும். இங்கே அது வரவே வராது. வராது என்று காது ஒப்புக்கொள்கிற வரைக்கும் வெறும் சித்திரவதைதான், ஒப்புக்கொண்ட பிறகு பன்னிரண்டு நிமிடம் போனதே தெரியாது. நீங்கள் முதல் கட்டத்திலேயே நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அலறலைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் தனியாக ஒரு பாடகர் கிடையாது. ஸ்காட் கெல்லி, ஸ்டீவ் வான் டில், பேஸ் வாசிக்கும் டேவ் எட்வர்ட்சன் மூவரும் மாறி மாறிக் கத்துகிறார்கள். வரிகளைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், அந்தக் குரல்களையும் இன்னொரு கருவியாக விட்டுவிடுங்கள்.

சரி, குறை ஆல்பத்தில் இல்லவே இல்லையா? இருக்கிறது. மொத்தம் எழுபது நிமிடம், அது எனக்கே அதிகம். நடுவில் வரும் பேச்சுத் துணுக்கு இடைச்செருகல்கள் இன்றைக்கு அவ்வளவாக எடுபடவில்லை. 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஃபேட்ஸ்' எனக்கு எப்போதுமே தொய்வாகத்தான் பட்டிருக்கிறது. விமர்சனங்களில் இதையெல்லாம் அதிகம் பார்க்க மாட்டீர்கள், அதற்கு ஒரு காரணம் உண்டு. நீங்கள் இன்று படிக்கும் புகழுரைகளில் பெரும்பாலானவை பின்னாலிருந்து எழுதப்பட்டவை. இந்த மாதிரி நீண்டு மெல்ல வளரும் மெட்டலுக்கு இன்று சொல்லும் 'போஸ்ட்-மெட்டல்' என்ற பேரே 1996இல் புழக்கத்தில் இல்லை. பிறகு பாஸ்டனிலிருந்து ஐசிஸ், ஸ்வீடனிலிருந்து கல்ட் ஆஃப் லூனா, பெல்ஜியத்திலிருந்து ஆமென்ரா என்று வரிசையாகக் குழுக்கள் வந்து, எல்லாருடைய இசையிலும் நியூரோசிஸின் சாயல் தெரிய, அதன் பிறகுதான் இந்த ஆல்பத்துக்கு மூல நூல் அந்தஸ்து கிடைத்தது. அப்படிப் புகழ்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்த இருபது ஆல்பங்களின் கடனைச் சேர்த்து ஒரே இடத்தில் தீர்க்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கடன் இல்லையே, நீங்கள் ஏன் கட்ட வேண்டும்? பாவ்லா என்று அவர்களைச் சொல்ல மாட்டேன், உண்மையாகவே உருகுகிறார்கள். ஆனால் எழுதுவதைப் பாருங்கள், 'உலகம் அழியும் ஓசை', 'நசுக்கும் கனம்' என்று ஒரே நாலு சொற்றொடரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கேட்கப் போகிற ஆளுக்கு அது பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொரு முறை முயல்வதாக இருந்தால், முதல் பாட்டில் தொடங்காதீர்கள். 'லோகஸ்ட் ஸ்டார்' ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மூன்று குரலும் அதில் உண்டு. அது பிடித்தால் பியானோவில் மெதுவாக ஆரம்பிக்கும் 'ஏயான்', அப்புறம் பேக்பைப் ஊதி முடிக்கும் 'ப்யூரிஃபை'. தலைப்புப் பாட்டான அந்த முதல் பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் வேண்டவே வேண்டாம், பேஸும் டாம்-டாம்களும் காணாமல் போய்க் கீச்சென்ற அலறல்தான் மிஞ்சும். அதற்காக ஹெட்போனில் வால்யூமை ஏற்றிக் காதைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம், கனம் தாழ்ந்த சுருதியிலும் நிதானத்திலும் இருக்கிறது, சத்தத்தில் இல்லை. வேறு வேலை செய்துகொண்டே கேட்கும் இசையும் இது இல்லை. மனசு ஏற்கெனவே சோர்ந்திருக்கும் நாளில் இதைத் தொடாதீர்கள். சிலருக்கு அந்த நேரத்தில்தான் இது ஆறுதல், ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அந்த ரகம் இல்லை.

இதெல்லாம் வேண்டாம், இதே மாதிரி ஆனால் மூச்சு விட இடம் இருக்கிற ஒன்று வேண்டும் என்றால் ஐசிஸின் 'ஓஷியானிக்', 2002. அமைதியான பகுதிகள் நிறைய உண்டு, ஒரு பெண் குரலும் வருகிறது. எனக்கு நியூரோசிஸைவிட இதுதான் அடிக்கடி கேட்கத் தோன்றுகிறது.

கடைசிக் கேள்வி. நீங்கள் படித்தது உண்மைதான், வதந்தி இல்லை. மனைவியையும் பிள்ளைகளையும் பல ஆண்டுகளாகக் கொடுமைப்படுத்தியதை 2022இல் ஸ்காட் கெல்லி தானே பொதுவில் ஒப்புக்கொண்டு, இசையிலிருந்தும் விலகுவதாகச் சொன்னார். விஷயம் தெரியவந்ததும் 2019இலேயே அவரைப் பிரிந்துவிட்டோம் என்று மற்றவர்கள் அறிக்கை விட்டார்கள், அவரைக் கண்டிக்கவும் செய்தார்கள். இதன் பிறகு அந்தக் குரலைக் கேட்க முடியவில்லை என்று ஒதுக்கியவர்கள் பலர், அவர்களிடம் போய் 'கலை வேறு, கலைஞன் வேறு' என்று பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை. ஆறு பேர் சேர்ந்து செய்த வேலை என்று தொடர்ந்து கேட்பவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் நிறுத்தினால் தாராளமாக நிறுத்துங்கள். ஆனால் உங்களுக்கு இது தெரியவருவதற்கு முன்பே பிடிக்கவில்லை. ஆகவே நண்பரிடம் பேசும்போது இதைக் கேடயமாகத் தூக்காதீர்கள், பிடிக்கவில்லை என்பதே போதுமான பதில்.

அவர் அப்போதும் பொறுமையைப் பற்றிப் பேசினால், ஒரு வேலை கொடுங்கள். 1999இல் நியூரோசிஸ் 'டைம்ஸ் ஆஃப் கிரேஸ்' வெளியிட்டது, அதே குழுவினர் டிரைப்ஸ் ஆஃப் நியூரோட் என்ற இன்னொரு பெயரில் அதற்குத் துணையாக 'கிரேஸ்' என்ற ஆல்பத்தையும் வெளியிட்டார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. முழுசாகக் கேட்டு முடித்துவிட்டு வரட்டும். இரண்டு பிளேயரையும் ஒரே நொடியில் அழுத்த ஆள் வேண்டும் என்றால் மட்டும் நீங்கள் போய் ஒரு கை கொடுங்கள்.