சைல்ட் கெயார் வேலைக்கு வரும் தங்கச்சிக்கு: கையெழுத்தில் கவனம்

ஊரில் எட்டு வருசம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்ததாகவும் சிட்னிக்கு வந்து இரண்டு மாதம் என்றும் எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. என்ன படிக்கவேண்டும், சம்பளம் எப்படி, எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, வேலையில் எதில் கவனம் வேண்டும் என்று நாலு கேள்வி. சம்பளத்தையும் வீட்டையும் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடைசிக் கேள்வியைப் புதிதாக வருகிற ஆக்கள் கேட்பதே குறைவு. அதனால் அதற்குத்தான் நீளமாக எழுதுகிறேன்.

படிப்பிலேயே கவனம் தொடங்கவேண்டும். இந்த வேலைக்கான ஆரம்பப் படிப்பான சேர்ட்டிபிக்கட் 3 என்றால் குறைந்தது 160 மணித்தியாலம், அடுத்த படியான டிப்ளோமா என்றால் 280 மணித்தியாலம், உண்மையான நிலையத்தில் பிள்ளைகளோடு நின்று பயிற்சி எடுக்கவேண்டும். "கெதியாய் முடித்துத் தாறம், பிளேஸ்மென்ற் பேப்பரை நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்" என்று ஆள்பிடிக்கிறவர்கள் எங்கட ஆக்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். புதிதாக வந்த பெண்களின் அவசரத்தை வைத்துக் காசு பார்க்கிற இந்த வேலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. 2024 கடைசியில் இருந்து, பயிற்சி நிறுவனங்களைக் கண்காணிக்கிற அஸ்குவா ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ரத்துச் செய்தது. படித்தவர்களின் பெயரில்தான் அந்த ரத்து விழுந்தது. நிற்காத மணித்தியாலத்துக்குக் கையெழுத்து வைக்கவே வேண்டாம். உங்களிடம் பட்டமோ டிப்ளோமாவோ இருந்தால் அதை ஒதுக்கிவிடாமல் முதலில் இந்தத் துறைத் தகைமைகளை மதிப்பிடுகிற தேசிய அமைப்பான அசெக்குவாவிடம் மதிப்பீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான அனுமதிச் சோதனை ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு. நியூ சவுத் வேல்ஸ் அனுமதி ஐந்து வருசத்துக்கு.

வேலைக்குப் போனபின் ஆபத்து எங்கே வருமென்றால், தூக்க அறையில். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, கால் கட்டிலின் அடிப்பக்கம் முட்டும்படி வைத்து, முகம் மூடாமல் விடவேண்டும். பல நிலையங்களில் 10 நிமிடத்துக்கு ஒருதடவை பார்த்துத் தாளில் பதியவேண்டும். பார்ப்பது என்றால் கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்ப்பது இல்லை. கட்டிலடிக்குப் போய், நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதட்டின் நிறம் சரியா, போர்வை முகத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். அறையில் ஆள் குறைந்த நாளில் என்ன நடக்கும்? ஒருவர் 1.40க்கு வந்து, 12.30, 12.40, 12.50 என்று ஒரே பேனையால் வரிசையாக நிரப்பிவிட்டு, "நீங்களும் ஒரு இனிஷியல் போடுங்கோ" என்பார். வயதில் மூத்தவர், சுப்பர்வைசர், எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த எங்களுக்கு அந்த இடத்தில் கை தானாகப் போகும். போடாதீர்கள். "நான் 1.40க்குத்தான் பார்த்தேன், அதை எழுதுறன்" என்று சொன்னால் போதும். இடைவெளி இருக்கிற தாள் ஆள் போதவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும். நிரப்பிய தாள் அதை மறைத்துவிடும், அடுத்த கிழமையும் அதே ஆள்பற்றாக்குறை தொடரும்.

மருந்தும் அப்படித்தான். தாய் காலையில் அவசரமாக பனடோலைப் பையில் போட்டுவிட்டு, "காய்ச்சல் வந்தால் குடுங்கோ" என்று சொல்லிப் போவார். எழுத்தில் அனுமதி, மருந்து வந்த அசல் போத்தல், அதன் லேபிள், முடியாத திகதி எல்லாம் இருக்கவேண்டும். ஒருவர் கொடுக்க, இன்னொருவர் அளவையும் பிள்ளையையும் சரிபார்க்கவேண்டும். அந்த இரண்டாவது ஆளாகக் கையெழுத்து வைக்கிறீர்கள் என்றால், ஊற்றிய அளவை உங்கள் கண்ணால் பார்த்திருக்கவேண்டும்.

இனி எங்கட பழக்கங்கள். பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களுக்கான தேசியச் சட்டத்தின் 166ஆம் பிரிவு அடிப்பதையும் பொருந்தாத தண்டனையையும் தடுக்கிறது. குற்றம் நிலையத்தின் மேல் மட்டுமல்ல, பணியாளரின் மேலும் விழும். தொடையில் ஒரு சின்னத் தட்டு, வாயைப் பிடித்து ஊட்டுவது, "சாப்பிடாட்டி வெளியில விடமாட்டன்" என்பது, மூலையில் தனியே இருத்துவது எல்லாம் இதற்குள் வரக்கூடும். பாசத்தில் செய்தேன் என்பது பதிலாகாது. சொந்தப் போனில் பிள்ளையைப் படம் எடுப்பதும் கூடாது. நிலையம் தந்த கருவியால் மட்டுமே எடுக்கவேண்டும் என்று 2024இல் வந்த தேசிய மாதிரி விதிக்கோவை சொல்கிறது.

ஒரு பிள்ளைக்கு வீட்டில் தீங்கு நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் நீங்கள் சட்டப்படி அறிவிக்கவேண்டியவர். ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை. பிள்ளையைத் துருவிக் கேட்காமல், அது சொன்ன சொல்லை அப்படியே நேரத்தோடு எழுதுங்கள். டிரெக்டரிடம் சொன்னதோடு விட்டுவிடாமல், அறிக்கை போனதா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் நீங்களே இந்த மாநிலத்தின் பிள்ளைப் பாதுகாப்பு உதவித் தொலைபேசியான 132 111க்கு எடுக்கலாம். குடும்பம் தமிழ்க் குடும்பம் என்றால், "அக்கா, நாங்கள் எல்லாம் ஒரே ஆக்கள்" என்று கெஞ்சுவார்கள். மனம் கஷ்டப்படும், ஆனாலும் அறிவிக்கத்தான் வேண்டும். அதே அளவுக்கு, அந்த வீட்டுக் கதையைக் கோயிலிலோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலிலோ ஒருவரிடமும் சொல்லக்கூடாது. இங்கே எங்கட சமூகம் சின்னது, பெயர் சொல்லாமல் சொன்னாலும் ஆள் தெரிந்துவிடும்.

"ஆயா வேலைதானே" என்று இளக்காரமாகப் பேசுகிற உறவினர்கள் இருப்பார்கள். காதில் போடாதீர்கள். இந்தத் தொழிலுக்கு 1990இல் இருந்தே எழுதப்பட்ட நெறிமுறைக்கோவை இருக்கிறது, 2016இலும் அதைத் திருத்தினார்கள். 2016க்கு முன் இந்த மாநிலத்தில் இரண்டு வயது அறையில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர்தான். அந்த நாளில் ஒருவருக்கு டயப்பர் மாற்றப் போனால் மற்ற ஏழு பேரையும் முதுகுப்பக்கத்தால் கேட்டுக்கொண்டே நிற்கவேண்டும். இப்போது ஐந்துக்கு ஒருவர், கைக்குழந்தைகளுக்கு நாலுக்கு ஒருவர். பேசாமல் இருந்தவர்களால் இது மாறவில்லை.

முன்னேற வேண்டுமென்றால் அவதானிப்புக் குறிப்பு எழுதப் பழகுங்கள். "அடம்பிடித்தான்" என்று எழுதவேண்டாம். "சிவப்பு லொறியை மூன்று தடவை இழுத்தான், மற்றப் பிள்ளை விடவில்லை, நிலத்தில் இருந்து அழுதான், கையை நீட்டியதும் வந்து பிடித்தான்" என்று எழுதுங்கள். முதலாவதில் உங்கள் கோபம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதை வைத்து நாளைக்கு இரண்டாவது லொறி வைப்பதா, முறைபோட்டு விளையாடப் பழக்குவதா என்று முடிவெடுக்கலாம். ஆங்கிலம் தடுமாறினாலும் இப்படிப் பார்த்து எழுதுகிறவரை நல்ல நிலையம் டிப்ளோமாவுக்குத் தானாகவே அனுப்பப் பார்க்கும்.

நேர்முகத்துக்குப் போகும்போது அறைகளைச் சுற்றிக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். தூக்க அறைத் தாள் எங்கே தொங்குகிறது, ஒரே பேனையால் ஒரே மூச்சில் நிரப்பியதா என்று பாருங்கள்.