பையன் புத்தகத்தையே தொட மாட்டேன் என்கிறானா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், பெங்களூரில் பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மகள் எட்டாவது படிக்கிறாள். கதைப் புத்தகம் கிடைத்தால் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். மகன் ஐந்தாவது. பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் தொடுவதில்லை, எந்நேரமும் கிரிக்கெட்தான். "ஆம்பளப் பிள்ளை அப்படித்தான் இருப்பான், விடு" என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?
– வாசகி, கே.ஆர். புரம்

விடாதீர்கள் அம்மா. வாசிப்பில் பெண் பிள்ளைகள் முந்துவது பல நாடுகளில் பார்க்கிற விஷயம்தான். 15 வயது மாணவர்களுக்கு 2022-இல் நடந்த பீசா என்ற சர்வதேசத் தேர்வில், ஓ.ஈ.சி.டி. என்ற பொருளாதாரக் கூட்டமைப்பில் உள்ள நாடுகளின் சராசரியில் வாசிப்பில் பெண்கள் 24 புள்ளி முன்னால் இருந்தார்கள். ஆனால் இந்த இடைவெளி நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிறவிக் குணம் மட்டுமே காரணம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

உங்கள் வீட்டில் புத்தகமும் கையுமாக இருப்பது யார்? நீங்களும் மகளும் என்றுதான் நினைக்கிறேன். பள்ளியில் சின்ன வகுப்புகளில் கதை சொல்பவர்களும் பெரும்பாலும் மிஸ்கள்தான். வாசிப்பது அம்மா, அக்கா, மிஸ் செய்கிற காரியம் என்று பையன் தானாகவே முடிவு கட்டிவிடுகிறான். அதனால் முதலில் அவன் அப்பாவைப் புத்தகத்தோடு உட்கார வையுங்கள்.

கிரிக்கெட்டை எதிரியாக நினைக்காதீர்கள். எங்கள் நூலகத்தில் காலையில் முதலில் கசங்குவது பேப்பரின் விளையாட்டுப் பக்கம்தான். பையன்கள் தனியாக வர மாட்டார்கள், நாலைந்து பேராகத்தான் வருவார்கள். ஒருவன் விரித்துப் பிடிக்க, மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டே படிப்பார்கள். அதுவும் வாசிப்புதான்.

சின்னசாமி மைதானத்தில் மேட்ச் நடந்த மறுநாள், அப்பாவும் மகனும் ஸ்கோர்கார்டை எதிரில் வைத்துக்கொள்ளட்டும். 34 பந்தில் 51 ரன் என்றால் ஸ்ட்ரைக் ரேட் 150 என்று பையன் சட்டென்று சொல்லிவிடுவான். "சரி, இவ்வளவு அடித்தும் ஏன் தோற்றார்கள்?" என்று அப்பா கேட்கட்டும். அதற்கான பதில் எண்களில் இருக்காது, பக்கத்திலுள்ள செய்தியில்தான் இருக்கும். அதை அவன் தேடிப் படிக்க வேண்டும். யாருடைய ஓவரில் ஆட்டம் திரும்பியது, கேப்டன் என்ன சொன்னார் என்று ஒரு பத்தியிலிருந்து காரணத்தைப் பிடித்து எடுப்பதுதான் வாசிப்புத் திறனின் உயிர்நாடி. அப்புறம் ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கைக் கதை, அப்புறம் விளையாட்டை வைத்து எழுதிய நாவல் என்று அவனே நகர்வான். படித்து முடித்ததும் "என்ன புரிந்தது, சொல்லு" என்று மட்டும் பரீட்சை வைக்காதீர்கள்.

பையனுக்குக் காமிக்ஸ் வாங்கிக் கொடுக்கலாமா? படத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறான்.
– வாசகர், இந்திரா நகர்

தாராளமாக வாங்குங்கள். முதல் தடவை படம் பார்ப்பான். பிடித்துப்போனால் திரும்ப எடுப்பான், அப்போது எழுத்துக்கு வருவான். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய பிறகு, அதைப் பிடித்துக்கொண்டு தமிழ் வாசிக்கப் பழகிய பையன்கள் எத்தனையோ பேர்.

நான் ஏழாவதோடு நின்றவன், டாக்ஸி ஓட்டுகிறேன். பையன் இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாவது. அப்பா வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறார்கள். நான் எப்படிக் காட்டுவது?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்தது. இவ்வளவு தெளிவாகத் தமிழ் எழுதுகிற உங்களால் நிச்சயம் முடியும்.

பெங்களூரில் இருக்கும் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. காசு கிடையாது. ஒரே கதை பல மொழிகளில் இருக்கும். சவாரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஃபோனில் ஒரு கதையைத் திறந்து, ஒரு பக்கத்தை நீங்கள் தமிழில் வாசியுங்கள். அதே பக்கத்தை அவன் இங்கிலீஷில் வாசிக்கட்டும். உங்கள் தமிழிலேயே கதை புரிந்துவிடுவதால், தெரியாத இங்கிலீஷ் வார்த்தையை அவனே ஊகிப்பான். எங்காவது தடுக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் தடுக்கினால் அவன் சிரிப்பான், சிரிக்கட்டும். தடுக்கினாலும் விடாமல் வாசிக்கிற அப்பாவைப் பார்ப்பது அவனுக்கு நல்லது. கதை சூடு பிடிக்கிற இடத்தில் "மீதி நாளைக்கு" என்று நிறுத்துங்கள். மறுநாள் அவனே ஃபோனை எடுத்துக்கொண்டு வருவான்.

அவன் பள்ளியில் கன்னடம் படித்தால், தமிழ் எழுத்தும் சுலபமாக வரும். காகுணித என்ற கன்னட உயிர்மெய் வரிசை மனப்பாடமாகத் தெரிந்தவனுக்கு நம் உயிர்மெய் வரிசை புதிதல்ல. அங்கே 'க' இனத்தில் நான்கு எழுத்து, இங்கே ஒன்றுதான். விடுமுறை நாளில் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அவனை அழைத்துப் போங்கள். புத்தகத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

நான்காவது படிக்கும் மகன் எழுத்துக்களை மாற்றி மாற்றி வாசிக்கிறான், வரி தாவுகிறான். சோம்பேறி என்று பள்ளியில் திட்டுகிறார்கள்.
– வாசகி, ஜீவன்பீமா நகர்

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்காதீர்கள். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கண்ணில் குறையில்லை என்றால் டிஸ்லெக்சியாவா, அதாவது வாசிப்பதைச் சிரமமாக்கும் கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் இதற்குப் பரிசோதனை உண்டு. கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் கிடைத்தால், தேர்வில் கூடுதல் நேரம் தரச் சொல்லிப் பள்ளியிடம் கேளுங்கள். அதுவரை வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.