ஐ.நா. இலக்கும் வேலூர்ப் பேதியும்

அன்புள்ள ஐயா,

பேத்திக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையம் போயிருந்தேன். சுவரில் ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளைக் கலர் கலராக ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது, உடல்நலம். 2030-க்குள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பை எல்லா நாடும் ஆயிரத்துக்கு 25 அல்லது அதற்கும் கீழே கொண்டுவர வேண்டுமாம். இதில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மாதிரி டெல்லிக்காரர்களுக்கு என்ன வேலை? கொரோனாவில் தினமும் எண்ணிக்கை சொன்னார்கள், அவ்வளவுதானே?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதுதான் பெரிய வேலை. நம் பக்கம் குழந்தைக்குப் பேதி என்றால் பல் முளைக்கிறது என்பார்கள், கண்பட்டது என்பார்கள். தண்ணீரில்லாத ஆற்றங்கரை ஊர் வேறு, தண்ணீர்மேல் பழி போடுவதும் சுலபம். 2005-இல் ஐ.சி.எம்.ஆர். பல ஊர் மருத்துவமனைகளைச் சேர்த்து எண்ண ஆரம்பித்தது. பேதியோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 39 சதவீதம் பேருக்கு ரோட்டா வைரஸ். குடத்தைக் கழுவிக் கவிழ்த்தால் மட்டும் போகிற கிருமி இல்லை அது. அந்தக் கண்காணிப்பில் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வகத்துக்கு முக்கியப் பங்கு.

அதற்கும் முன்பே சி.எம்.சி.க்காரர்கள் வேலூரின் நெருக்கடியான தெருக்களில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயதுவரை விடாமல் கவனித்தார்கள். இரண்டு வாரத்துக்கொருமுறை வீடு தேடிப்போய் மலம் சேகரித்தார்கள். (பிள்ளை பெற்ற வீட்டில் அதைக் கேட்டு வாங்குவது லேசுப்பட்ட காரியமா!) மெக்சிகோவில் இதேபோல் கவனித்தபோது, இரண்டு முறை ரோட்டா தொற்று வந்த குழந்தைக்கு அதன்பின் கடும் பேதி வரவில்லை. இங்கே மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். வேறு நாட்டுக் கணக்கை வாங்கி ஒட்டவைக்க முடியாது என்று தெரிந்தது. நம் நாட்டு ரோட்டா தடுப்பு மருந்தையும் டெல்லி, புனே, வேலூர்க் குழந்தைகளுக்குக் கொடுத்துத்தான் சோதித்தார்கள்.

கோபப்பட இடமில்லாமல் இல்லை. 2005-இல் எண்ண ஆரம்பித்து, அரசு இலவசமாகக் கொடுக்க 2016 ஆனது. சில மாநிலங்களுக்கு அதைவிடவும் தாமதமாகத்தான் வந்தது. அந்தக் கேள்வியை டெல்லியிடம் தாராளமாகக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

அப்புறம், பேத்தியின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 6, 10, 14 வாரங்களுக்கு நேரே ரோட்டா என்று எழுதியிருக்கும்.