சித்தப்பாவுக்கு எஸ்ஆர்1 படிவத்தை இந்த வாரமே கேள்

குடியாத்தத்திலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு, அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் நர்ஸாக வந்திருக்கும் ஒரு தங்கை கேட்டது இது: "அக்கா, என் சித்தப்பாவுக்கு 63 வயது. இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர். கணையத்தில் புற்றுநோய், இனி கீமோ கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். உடல்நலம் இல்லாதவர்களுக்கான உதவித்தொகையை அரசு குறைக்கப் போகிறதாமே? ஆறு மாதம்தான் என்று டாக்டர் எழுதினால்தான் பணம் வருமாமே? எத்தனை நாள் என்பதைத் தன்னிடம் யாரும் சொல்லவே கூடாது என்கிறார் சித்தப்பா. நாளைக்கு எனக்கே இப்படி ஒன்று வந்தால் என் விசாவில் என்ன கிடைக்கும்?"

தங்கச்சி, அரசு எதைக் குறைக்கிறது என்பதை அப்புறம் பார்ப்போம். இந்த வாரமே சித்தப்பாவின் குடும்ப டாக்டரான ஜிபியிடமோ, புற்றுநோய்ப் பிரிவு டாக்டரிடமோ, அவரைக் கவனிக்கும் சிறப்பு நர்ஸிடமோ எஸ்ஆர்1 படிவம் வேண்டும் என்று கேள். நோய் குணமாகாத கட்டத்தில் இருக்கிறது என்று உதவித்தொகைக்காக அவர்கள் எழுதித் தரும் தாள் அது. மற்றதெல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான் நகரும்.

ஆறு மாதக் கணக்கு 1990-இல் வந்த பழைய விதி. புற்றுநோயிலாவது டாக்டர்களால் ஓரளவு சொல்ல முடியும். நரம்பு, இதயம், நுரையீரல் நோய்களில் யாரால் நாள் குறிக்க முடியும்? மேரி கியூரி அறக்கட்டளையும் மோட்டார் நியூரான் நோய்ச் சங்கமும் விடாமல் போராடின. அந்தக் கணக்கு இப்போது 12 மாதம். வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட்டில் 2022 ஏப்ரலிலும், நோயால் அன்றாட வேலைக்கே சிரமப்படுபவர்களுக்கான, சித்தப்பாவுக்குரிய பிப் உதவித்தொகையில் 2023 ஏப்ரல் 3-ஆம் தேதியும் நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் மாதக் கணக்கே கிடையாது. இங்கே இங்கிலாந்திலும் டாக்டர் தேதி குறித்துத் தர வேண்டியதில்லை. நோயாளி ஒரு வருடத்துக்குள் இறக்க நேர்ந்தால் தனக்கு வியப்பிராது என்று அவர் நினைத்தாலே போதும். அதையும் தாண்டிச் சித்தப்பா நன்றாக இருக்கட்டும், வாங்கிய பணத்தை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

படிவத்தை டாக்டரே நேராக உதவித்தொகை தரும் அரசுத் துறைக்கு அனுப்பிவிடுவார். வீட்டிலிருந்து ஒரு போன் போட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே 'ஸ்பெஷல் ரூல்ஸ்' என்று சித்தி சொல்லிவிடட்டும். அந்த 12 மாத விதிக்கு அதுதான் பெயர். நேஷனல் இன்சூரன்ஸ் எண், பேங்க் கணக்கு, ஜிபி விவரம் கேட்பார்கள். மற்றவர்கள் நிரப்பும் கத்தைப் படிவமோ, நேர்காணலோ, மூன்று மாதக் காத்திருப்போ இவருக்குக் கிடையாது. அன்றாடத் தேவைக்கான உயர்ந்த தொகை தானாகவே கிடைக்கும்: 2025-26 கணக்கில் வாரத்துக்கு 110.40 பவுண்டு. சேமிப்பையோ சம்பளத்தையோ பார்ப்பதில்லை. நடமாட்டத்துக்கான தொகையைத் தனியாகப் பார்ப்பார்கள். சித்தி வாரம் 35 மணி நேரம் அவரைக் கவனித்து, தன் சம்பளமும் வரம்புக்குள் இருந்தால், பராமரிப்பவருக்கான தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்; 2025-26-இல் அது வாரத்துக்கு 83.30 பவுண்டு.

சித்தப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீ தவிப்பது எனக்குப் புரிகிறது. ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை பார்த்த என் பெரிய மாமாவுக்கு வந்தபோது, ஸ்கேன் கவரை அத்தை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். அல்சர் என்று சொல்லித்தான் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கேயாவது உதவி கேட்டு மனு போட்டால் பேச்சு மாமா காதுக்குப் போய்விடுமே என்று அத்தை எதையுமே கேட்கவில்லை. பேர்ணாம்பட்டுப் பக்கம் இருந்த நிலத்தை விற்றுத்தான் கடைசி மாதங்கள் ஓடின. மாமா அப்போதும் அடுத்த போகத்துக்கு விதை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இங்கே அந்தப் பயம் வேண்டாம். நோயாளிக்குத் தெரியாமலேயே அவருக்காக இன்னொருவர் இந்த விண்ணப்பத்தைச் செய்ய விதியே இடம் தருகிறது. இத்தனை மாதம் என்று வீட்டுக்கு வரும் கடிதத்தில் போட மாட்டார்கள். அதோடு, உன் சித்தப்பாவிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை. தனக்குக் கேட்க வேண்டாம் என்று அவரே முடிவு செய்திருக்கிறார். அதை மதித்துக்கொண்டே அவருக்குச் சேர வேண்டியதை வாங்கித் தர முடியும்.

சரி, வெட்டு விஷயம். பிப்பின் அன்றாடத் தேவைத் தொகைக்கு, தகுதி மதிப்பீட்டில் ஏதாவது ஒரு செயலிலாவது நான்கு புள்ளி வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மார்ச்சில் அரசு முன்வைத்தது. சொந்தக் கட்சி எம்பிக்களே எதிர்த்ததால் மசோதாவிலிருந்து அதை எடுத்துவிடுவதாக ஜூலை 1-ஆம் தேதி அறிவித்தார்கள்; எடுத்தும்விட்டார்கள். யுனிவர்சல் கிரெடிட்டின் உடல்நலத் தொகை மட்டும் 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக வருபவர்களுக்குப் பாதியாகிறது. அதிலும் 12 மாத விதிக்குள் வருபவர்களுக்குப் பழைய உயர்ந்த தொகையேதான். இந்தச் செய்திகளைப் பார்த்துச் சித்தி பின்வாங்க வேண்டாம்.

உன் நிலைமை வேறு. உன் விசாவில் அரசு நிதியைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். பிப்பும் யுனிவர்சல் கிரெடிட்டும் அதில் அடங்கும். சித்தப்பா வாங்குவது உன் விசாவைப் பாதிக்காது. உனக்கு என்ஹெச்எஸ் சிகிச்சை உண்டு. நோயால் வேலை செய்ய முடியாமல் போனால், நீ கட்டும் நேஷனல் இன்சூரன்ஸை வைத்துத் தரும் நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ என்ற தொகை அரசு நிதிக் கணக்கில் வராது. போதுமான சந்தா சேர்ந்திருந்தால் நீயும் கேட்கலாம். புதிதாக வரும் பிள்ளைகள் பலர் ஊர்க் கடனை அடைக்க என்ஹெச்எஸ் பென்ஷனிலிருந்து விலகிவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. வேலையில் இருக்கும்போது உயிர் போனால் இரண்டு வருடச் சம்பளம் குடும்பத்துக்குப் போவது அந்தத் திட்டத்தில்தான். நீயும் விலகியிருந்தால், சம்பளப் பிரிவில் சொல்லி மறுபடி சேர்ந்துவிடு.